ஆர்எஸ்வி சீசன் எப்போது, எங்கே, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்எஸ்வி என்று சுருக்கிச் சொல்லப்படும் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ், இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையாவது தொற்றிவிடுகிறது. பெரும்பாலோருக்கு அது சளி, இருமலோடு போய்விடும். கைக்குழந்தைகளிலும் முதியவர்களிலும் சிலருக்கு நுரையீரல்வரை இறங்கி, மூச்சுக்குழலின் நுண்கிளைகளை அடைக்கும், நிமோனியாவாகவும் மாறும். அது எந்த மாதத்தில், எந்த ஊரில், எந்த வேகத்தில் பரவும் என்பது பற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இவ்வளவு கவனிக்கவேண்டிய நோயா இது?

2019-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே சுமார் 3.3 கோடி கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்றுகளுக்கு ஆர்எஸ்வி காரணம். அவற்றில் 36 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆறு மாதம்கூட நிறையாதவர்கள். இறப்புகளில் 97 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. ஆக்சிஜனும் கவனிப்பும் எவ்வளவு தொலைவில் கிடைக்கின்றன என்பது இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

இது குளிர்கால நோய்தானே?

பாதிதான் சரி. மித வெப்ப மண்டல நாடுகளில் குளிர்காலத்தை ஒட்டி வருகிறது. வெப்ப மண்டலத்தில் பெரும்பாலும் மழைக்காலத்தோடு வருகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்து இடையில் ஓரிரு முறை ஏறி இறங்கும் இடங்களும் உண்டு. ஆர்எஸ்வியைக் குளிர்கால நோய் என்று ஒரே வரியில் முடித்துவிடும் கையேடுகள் ஐரோப்பா, வட அமெரிக்கா அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. அவற்றை மழைக்காலச் சீசன் உள்ள இடத்தில் அப்படியே வைத்துக்கொண்டால், தடுப்பு மருந்து அலை முடிந்த பிறகு வந்து சேரும்.

எந்த நாட்டில் எந்த மாதம்?

தென் அரைக்கோளத்தில் அலை பெரும்பாலும் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் தொடங்குகிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில். இரு அரைக்கோளங்களிலும் வெப்ப மண்டலப் பகுதிகளில் முதலில், கோடையின் கடைசியில் தலைகாட்டி, பிறகு துருவத்தை நோக்கி நகர்வது பொதுவான போக்கு. ஓர் இடத்தில் தொடங்கினால் சராசரியாக ஐந்து மாதம் நீடிக்கும்.

அமெரிக்காவில் கொரோனாவுக்கு முன்பு அக்டோபர், நவம்பரில் தொடங்கி டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரிக்குள் உச்சம் தொட்டு, வசந்தத்தில் அடங்கும். இதில் ஃப்ளோரிடா தனி: மற்ற மாநிலங்களுக்கு முன்பே, கோடையிலேயே தொடங்கி, நீண்ட காலம் நிற்கும். அங்கிருந்து தென்கிழக்கு, வடகிழக்கு, பிறகு நடுமேற்கு, மேற்கு என்ற வரிசையில் அலை காணப்படும். ஐரோப்பாவிலும் இதே போல ஒரு சாய்வு உண்டு. வடக்கே போகப் போகவும் கிழக்கே போகப் போகவும் உச்சம் தள்ளிப்போகும். பிரிட்டனில் உச்சம் வழக்கமாக டிசம்பரில்.

தென்னாப்பிரிக்காவில் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கி, இன்ஃப்ளூயன்சா வருவதற்கு முன்பே உச்சம் தொட்டுவிடுவது வழக்கம். தாய்லாந்தில் ஜூலை முதல் அக்டோபர்வரையிலான மழைமாதங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு வகை: தெற்கில் இலையுதிர்காலமும் குளிர்காலமும்; வெப்ப மண்டல வடக்கில் ஆண்டின் தொடக்கத்து மழைக்காலம்.

ஒரு நாட்டுக்கு ஒரே நாட்காட்டி போதாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரேசில். ஆர்எஸ்வியைத் தடுக்கக் குழந்தைகளுக்குப் போடும் பாலிவிசுமாப் என்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஊசித் திட்டத்துக்காக அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் சீசனை வட்டாரவாரியாகப் பிரித்தது: வடக்கே பிப்ரவரி முதல் ஜூன்வரை, தெற்கே ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை. ஊசி அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கும். பரப்பளவும் தட்பவெப்ப வேறுபாடும் உள்ள எந்த நாடும் இப்படித்தான் செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து.

குளிரும் மழையும் எப்படி ஒரே வேலையைச் செய்கின்றன?

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. குளிரிலும் சரி, அடைமழையிலும் சரி, மனிதர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு நெருக்கமாக உள்ளே இருக்கிறார்கள். ஆர்எஸ்வி அருகில் இருப்பவரின் இருமல், தும்மல் துளிகளாலும் சளிபட்ட கையாலும் பரவுவது. நெருக்கம்தான் அதற்கு வேண்டியது. குளிர்ந்த, வறண்ட காற்றில் மூக்கின் உட்சவ்வு காய்ந்து, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் ஆற்றல் குறைகிறது. வெப்ப மண்டலத்தில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம் என்பதால், கணக்கு வேறு மாதிரி அமைகிறது. அங்கே வெப்பநிலையைவிட மழையும் ஈரப்பதமும்தான் அலையோடு சேர்ந்து நகர்கின்றன.

தட்பவெப்பம் ஒரு பங்குதான். அதே அளவுக்கு முக்கியமானது, தொற்று வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது. சென்ற அலைக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அத்தனை பேரும் புதிய விறகு. ஏற்கெனவே தொற்றியவர்களின் எதிர்ப்பாற்றலும் மாதம் செல்லச் செல்லத் தேய்கிறது. இருப்பு ஓர் அளவைத் தாண்டியதும், தட்பவெப்பம் சற்றே சாதகமானால் போதும், அலை எழும்பிவிடும். பிறப்பு விகிதம் அதிகமுள்ள இடங்களில் ஆண்டுதோறும் அலை தவறாமல் வருவதன் காரணம் இதுவே.

சில நாடுகளில் ஒரு வருடம் பெரிதாகவும் மறு வருடம் சிறிதாகவும் வருவது ஏன்?

பின்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து, குரோவேஷியா போன்ற நாடுகளில் இந்த ஈராண்டுச் சுழற்சி பல காலம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அலை சீக்கிரமாகவும் பெரிதாகவும் வரும். அது தொற்று வாங்கக்கூடியவர்களின் இருப்பைக் கரைத்துவிடுவதால், அடுத்த ஆண்டு தாமதமாக, வசந்தத்தை ஒட்டி, சிறிதாக வரும். அந்தச் சிறிய அலை பலரை விட்டுவைக்கும். அவர்கள் மூன்றாம் ஆண்டின் பெரிய அலைக்குத் தீனி. அமெரிக்காவில் நடுமேற்கின் வடபகுதியிலும் இதே தாளம் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சென்ற ஆண்டின் எண்ணிக்கையை வைத்து இந்த ஆண்டுக்குப் படுக்கை ஒதுக்கினால், ஒரு வருடம் காலியாகக் கிடக்கும். மறு வருடம் நிரம்பி வழியும். இரண்டு ஆண்டு முந்தைய கணக்கைப் பார்ப்பது நல்லது.

சீசன் முடிந்ததும் வைரஸ் எங்கே போகிறது?

மனிதர்களைத் தவிர வேறு இருப்பிடம் அதற்கு இல்லை. மாடுகளுக்கு வருவது உறவுமுறையில் நெருங்கிய, ஆனால் வேறான வைரஸ். எனவே ஓய்வு மாதங்களில் இரண்டு வழிகளில்தான் அது பிழைக்கிறது: அதே ஊரில் லேசான சளியாகப் பெரியவர்களிடமும் பெரிய பிள்ளைகளிடமும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது அலை நடக்கும் வேறு ஊரிலிருந்து பயணிகளோடு மீண்டும் வந்து சேரும். மரபணு வரிசையைப் பார்த்தால் ஒரே ஊரின் ஒரே அலையில் பல தனித்தனிக் கிளைகள் தெரிகின்றன. எங்கோ ஓரிடத்தில் கிளம்பிய ஒற்றைப் பொறி ஊரெல்லாம் பற்றிக்கொள்கிறது என்ற படம் சரியல்ல.

உலகம் முழுக்கப் பரவ எவ்வளவு காலம் எடுக்கும்?

இதற்கு இயற்கையே இரண்டு அடையாளக் குறிகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆர்எஸ்வியில் ஏ, பி என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 1999-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் எடுத்த மாதிரிகளில், பி பிரிவின் ஜி என்ற மரபணுவில் 60 நியூக்ளியோடைடு (மரபணுவின் ‘எழுத்து’) நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்திருந்தது கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வகையே உலகெங்கும் பி பிரிவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏ பிரிவில் இதே மரபணுவில் 72 நியூக்ளியோடைடு இரட்டித்த வகை, 2010-இல் கனடாவின் ஒன்டாரியோவில் எடுத்த மாதிரியில் முதலில் தெரிந்தது; அதுவும் சில ஆண்டுகளிலேயே பல கண்டங்களில் முதன்மை வகையாகிவிட்டது. இரட்டித்த துண்டு தற்செயலாக இரு முறை உண்டாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், அதைச் சுமக்கும் வைரஸ்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்று உறுதியாகச் சொல்லமுடிகிறது. ஓர் எழுத்து மட்டும் மாறும் சாதாரணப் புள்ளிமாற்றங்களை வைத்து இவ்வளவு தெளிவாகத் தடம் பிடிக்க இயலாது.

கொரோனாவுக்குப் பிறகு சீசன் குழம்பியது உண்மையா?

உண்மை. 2020-இன் கட்டுப்பாடுகளில் ஆர்எஸ்வி பல நாடுகளில் காணாமலே போனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தக் குளிர்காலத்தில் கண்டறியப்பட்டவை வழக்கத்தைவிட 98 சதவீதம் குறைவு. பள்ளிகள் திறந்திருந்தும் குறைந்தது. நாட்டு எல்லை மூடியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். பிறகு அந்த ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும், வரக்கூடாத மாதங்களில், வழக்கமான உச்சத்தையே மிஞ்சி எழுந்தது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் இடைநிலை வயது (மீடியன்) முன்பைவிட உயர்ந்து ஒன்றரை வயதைத் தொட்டது. முதல் ஆண்டில் தொற்றியிருக்கவேண்டியவர்கள் இரண்டாம் ஆண்டில் வந்தார்கள்.

நியூசிலாந்தில் 2020 குளிர்காலம் ஆர்எஸ்வி இல்லாமலே கழிந்தது. 2021 நடுவில் மருத்துவமனைகள் திணறின. அமெரிக்காவில் 2021-இன் அலை கோடையில் வந்தது. 2022-இல் அக்டோபர், நவம்பரிலேயே உச்சம். 2023, 2024 வாக்கில்தான் பழைய மாதங்களுக்கு அருகில் திரும்பியது.

சாதாரணச் சளியின் ரைனோவைரஸ் அதே கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் ஓரளவு பரவிக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கொழுப்பு உறை இல்லாததால் சோப்புக்கும் கைத்திரவத்துக்கும் எளிதில் மசியாது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆர்எஸ்வி உறை உள்ளது. சோப்பு அதை எளிதில் சிதைத்துவிடும்.

ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் ஒரே நேரத்தில் வருமா?

வரலாம். ஆனால் பெரும்பாலும் ஆர்எஸ்வி முந்திக்கொள்ளும். ஒன்றின் பேரலை மற்றொன்றைத் தள்ளிவைப்பதும் உண்டு: 2009-இல் புதிய எச்1என்1 ஃப்ளூ (பன்றிக் காய்ச்சல்) பரவியபோது பிரான்ஸ் உள்ளிட்ட இடங்களில் ஆர்எஸ்வி தாமதமானது. ஒரு வைரஸ் தொற்றிய மூக்குச்சவ்வில் சில நாட்கள் பொதுவான எதிர்ப்பு விழித்திருப்பதால் மற்றொன்று நுழையச் சிரமப்படுகிறது என்பது இதற்கான விளக்கம்.

சீசன் தொடங்கிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

எத்தனை பேருக்கு வந்தது என்ற எண்ணிக்கையை வைத்து அல்ல. சோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதை வைத்து. அமெரிக்காவில் பயன்படும் வரம்பு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் தொடர்ந்து இரண்டு வாரம் 3 சதவீதத்தை எட்டுவது. வைரஸின் புரதத்தைத் தேடும் பழைய ஆன்டிஜன் சோதனைகளுக்கு இந்த வரம்பு 10 சதவீதமாக இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேதி வாரக்கணக்கில் பிசகும்.

ஒரு கணக்கு: முதல் வாரம் 200 மாதிரிகளில் 4 பாசிட்டிவ், அதாவது 2 சதவீதம். இரண்டாம் வாரம் 210-இல் 7, அதாவது 3.3. மூன்றாம் வாரம் 205-இல் 9, அதாவது 4.4. இரண்டாம் வாரம்தான் தொடக்கம். ஆனால் அது தெரியவருவது மூன்றாம் வாரம் முடிந்த பிறகு. அறிக்கை வெளிவர மேலும் ஒரு வாரம் ஆகலாம். ஆகவே அறிவிப்பைப் பார்க்கும்போது அலை வந்து ஏற்கெனவே இரண்டு, மூன்று வாரம் ஆகியிருக்கும். அறிவிப்புக்குக் காத்திருந்து தடுப்பு மருந்து வாங்குவது தாமதம்தான்.

இன்னும் சில இடங்களில் கால் இடறும். சோதனை 20, 30 என்று குறைவாக இருக்கும் வாரங்களில் ஒரே ஒரு பாசிட்டிவ்கூட வரம்பைத் தாண்ட வைத்துவிடும். மூன்று வாரச் சராசரியாகப் பார்க்கவேண்டும். விடுமுறை வாரங்களில் மாதிரி குறைந்து வளைகோடு குழிந்தால் அலை அடங்கிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. குழந்தைகள் மருத்துவமனையின் விகிதத்தையும் பொது மருத்துவமனையின் விகிதத்தையும் ஒப்பிடவே கூடாது. ஒரு புதிய பல்வைரஸ் சோதனைப் பெட்டி வந்த ஆண்டில் சோதனைகள் பெருகி, எண்ணிக்கை ஏறி, சதவீதம் இறங்கும். இதை நோய் குறைந்ததாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

ஃப்ளூ கண்காணிப்பு இருக்கும் இடத்தில் ஆர்எஸ்வி கணக்கும் தானாகக் கிடைத்துவிடாதா?

ஓரளவுதான். ஃப்ளூ கண்காணிப்பின் வரையறையில் காய்ச்சல் கட்டாயம். ஆர்எஸ்வி வந்த கைக்குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. மிகச் சிறிய குழந்தைக்கு மூச்சு சில நொடிகள் நின்றுபோவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் 14 நாடுகளில் ஃப்ளூ வலையமைப்பின் மேல் ஆர்எஸ்வி கண்காணிப்பைத் தொடங்கியபோது, காய்ச்சல் நிபந்தனையை நீக்கிய வரையறையைப் பயன்படுத்தியது. ஃப்ளூ சீசன் முடிந்ததும் மாதிரி எடுப்பதை நிறுத்திவிடும் நிலையங்களின் தரவும் இதே காரணத்துக்காக உதவாது. பன்னிரண்டு மாதமும் எடுக்கவேண்டும்.

பெரியவர்களில் சிக்கல் வேறு. அவர்களின் மூக்கில் வைரஸ் அளவு குறைவு. ஆன்டிஜன் சோதனை பெரும்பாலும் கோட்டைவிடும். பிசிஆர்தான் வேண்டும்.

எந்த மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஆபத்து அதிகம்?

அலையின் உச்சத்தின்போது ஒன்று முதல் மூன்று மாத வயதில் இருக்கும் குழந்தைக்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் வாரத்துக்கு வாரம் குறைகிறது. மூச்சுக்குழல் இன்னும் மிகச் சன்னமானது. அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போகிறது. குறைமாதக் குழந்தைகள் அதை வாங்காமலே பிறந்துவிடுகிறார்கள்.

தடுப்பு மருந்தை எந்த மாதத்தில் கொடுக்கவேண்டும்?

சீசனைத் தெரிந்துகொள்வதன் பயன் இங்கேதான். குழந்தைகளுக்கான நிர்செவிமாப், தடுப்பூசி அல்ல, தயார்நிலை எதிர்ப்பொருள். ஐந்து கிலோவுக்குக் குறைந்த எடைக்கு 50 மில்லிகிராம், ஐந்தும் அதற்கு மேலும் 100 மில்லிகிராம், தொடையில் ஒரே ஊசி. குறைந்தது ஐந்து மாதம் காக்கும். ஒரு சீசனின் சராசரி நீளமும் அதுதான். எனவே சீசனுக்கு மூன்று மாதம் முன்பே போட்டுவிட்டால் கடைசி மாதங்களில் காப்பு தேய்ந்திருக்கும். சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு போடுவதும், சீசனுக்குள் பிறப்பவர்களுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே போடுவதும் சரி. ஸ்பெயினின் கலீசியா வட்டாரம் 2023 செப்டம்பர் இறுதியில் இப்படித் தொடங்கி, ஆர்எஸ்வி மருத்துவமனை அனுமதிகளைச் சுமார் 82 சதவீதம் குறைத்தது. 1998 முதல் இருந்துவந்த பாலிவிசுமாப், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் மாதந்தோறும் போடவேண்டியது; ஒரு மாதம் தவறினால் ஓட்டை விழும்.

கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி வேறு வழி. குழந்தை பிறக்கக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்கவேண்டும்; இல்லையென்றால் போதிய எதிர்ப்பொருள் கடந்துபோகாது. அமெரிக்காவில் 32 வாரம் முதல் 36 வாரம் 6 நாள்வரை, பெரும்பகுதியில் செப்டம்பர் முதல் ஜனவரிவரை மட்டும். பிரிட்டனில் 2024 செப்டம்பர் முதல், 28 வாரத்திலிருந்து, ஆண்டு முழுவதும். சீசன் கூர்மையாக இருக்கும் இடத்தில் அமெரிக்காவின் வழி மருந்தை மிச்சப்படுத்தும். சீசன் தெளிவில்லாத இடத்திலும் கண்காணிப்பு பலவீனமான இடத்திலும் ஆண்டு முழுவதும் கொடுப்பதே பாதுகாப்பானது. மாதத்தைத் தவறாகக் கணித்துவிடும் அபாயம் அங்கே இல்லை. தாய்க்கு உரிய நேரத்தில் போட்டிருந்தால், பொதுவாகக் குழந்தைக்கு நிர்செவிமாப் தனியாகத் தேவைப்படாது.

முதியவர்களுக்கு?

2023 முதல் தடுப்பூசிகள் உள்ளன. ஃப்ளூ ஊசி போல ஆண்டுதோறும் அல்ல. இப்போதைய பரிந்துரை ஒரே ஒரு முறை. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், அதற்குக் குறைந்த வயதில் இதயம், நுரையீரல் போன்ற நோய் உள்ளவர்களுக்கும். சீசன் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பு போடுவது சிறந்தது.

வீட்டுக்குள் யார் கொண்டுவருகிறார்கள்?

பெரும்பாலும் பள்ளி போகும் அண்ணன், அக்கா. கென்யாவின் கிலிஃபியில் வீடுவீடாக மாதிரி எடுத்த ஆய்வும் இதையே காட்டியது. தொற்றிய பின் அறிகுறி வர நான்கு முதல் ஆறு நாள். பரப்பும் காலம் பொதுவாக மூன்று முதல் எட்டு நாள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் நான்கு வாரமோ அதற்கு மேலோகூட நீளும். கடினமான மேசைப் பரப்பில் வைரஸ் ஆறு மணி நேரம்வரை, துணியிலும் காகிதத்திலும் அரைமணிக்குச் சற்று மேல், கையில் இருபது நிமிடம்வரை உயிரோடு இருக்கும். கையிலிருந்து கண்ணுக்கோ மூக்குக்கோ போக இருபது நிமிடம் தாராளம். சளி பிடித்த பெரிய பிள்ளை, கைக்குழந்தையைத் தொடுவதற்கு முன் சோப்பால் இருபது நொடி கழுவுவதும், முகத்தில் முத்தமிடாமல் இருப்பதும் அலை நடக்கும் வாரங்களில் கட்டாயம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும்?

நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மோசமாகும். முதல் நாளில் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு முதல் பதினோரு மாதக் குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்ளே குழிதல், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காமை, பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமை இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. மூச்சு இடைநிற்றல், உதடு நீலம், எழுப்பினாலும் எழாத சோர்வு என்றால் உடனே அவசரப் பிரிவு.

ஒருமுறை வந்தால் மீண்டும் வராதா?

வரும், வாழ்நாள் முழுவதும். ஃப்ளூ போல வைரஸ் ஆண்டுதோறும் வேடம் மாறுவதால் அல்ல. நம் எதிர்ப்பாற்றல் நீடிக்காததால். ஒரே சீசனில் ஏ பிரிவும் பி பிரிவும் சேர்ந்து சுற்றும்போது, அபூர்வமாக, அதே குளிர்காலத்திலேயே இரண்டாம் முறையும் வரலாம். அடுத்தடுத்த தொற்றுகள் பொதுவாக லேசானவை.

கைக்குழந்தையோடு மறு அரைக்கோளத்துக்குப் பயணம் போகிறோம். எதைக் கவனிக்கவேண்டும்?

சேரும் ஊரின் சீசனை. இங்கே கோடை என்பதால் கவலையில்லை என்று கிளம்பி, அங்கே அலையின் உச்சத்தில் இறங்குவது எளிது. அந்த நாட்டின் சென்ற நான்கு வார பாசிட்டிவ் விகிதத்தைப் பார்த்து, ஏறுமுகமாக இருந்தால், பயணத்துக்கு முன்பே நிர்செவிமாப் போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து மாதக் காப்பு என்பதால், திரும்பி வரும்போது சொந்த ஊரின் சீசன் தொடங்கினால் அது போதுமா என்பதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.